மலை ஏற விரும்பாதவர்கள்

மலைநடைக்குப் போகும் பழக்கமுள்ள எவரும் ஒரு கேள்வியைத் தவறாமல் சந்தித்திருப்பார்கள். “அங்கே போய் என்ன செய்வீர்கள்?” கேட்பவரின் குரலில் பெரும்பாலும் ஏளனம் இருப்பதில்லை. மெய்யான வியப்புதான் இருக்கும். நாமும் காற்று, காட்சி, அமைதி என்று எதையாவது அடுக்குவோம். அவர் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். விடை கிடைக்கவில்லை என்பது கேட்டவருக்கும் தெரியும், சொன்னவருக்கும் தெரியும்.

கடந்த பதினெட்டு ஆண்டுகளாக மேற்குத் தொடர்ச்சி மலையின் பாதைகளில், குறிப்பாகப் பழனிமலையின் தென்சரிவில், இயன்றபோதெல்லாம் நடந்து வருகிறேன். இந்த இன்பத்தைப் பற்றி எழுத நினைத்த போதெல்லாம் அதை அறவே விரும்பாத சிலரின் முகங்கள் குறுக்கே வந்து நின்றன. அவர்களைச் சோம்பேறிகள் என்றோ ரசனையற்றவர்கள் என்றோ ஒதுக்கிவிடுவது நடப்பவர்களிடையே உள்ள வழக்கம். அது நியாயமில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. அவர்கள் தரப்பையும் சேர்த்துச் சொன்னாலொழிய நம் தரப்பு முழுமையாகாது.

முதலில் ஈர்ப்பைப் பற்றி. மலைநடையின் முதல் அரைமணி நேரம் இன்பமானதன்று. மூச்சு இரைக்கும், கெண்டைக்கால் இழுக்கும், வீட்டிலேயே இருந்திருக்கலாம் என்ற எண்ணம் உறுதியாக எழும். அதைக் கடந்தபின் ஏதோ ஒரு வளைவில் மூச்சும் அடியும் ஒன்றையொன்று கண்டுகொள்கின்றன. அதுவரை பேசிக்கொண்டு வந்தவர்கள் ஒருவர்பின் ஒருவராக மௌனமாவார்கள். விடைத்தாள் திருத்தும் பணி, நாக் குழுவுக்கான படிவங்கள், வீட்டுக்கடன் தவணை என்று உள்ளே ஓயாமல் சுற்றிக்கொண்டிருந்த செக்கு மெல்ல நிற்கும். மனத்தை நிறுத்தியது தியானமோ தத்துவமோ அல்ல. அடுத்த கல்லில் கால் வைத்தால் அது உருளுமா உருளாதா என்னும் எளிய கவனம். பாதம் இவ்வளவு சிந்திக்கக்கூடியது என்பதைச் சமதளத்தில் வாழ்பவர் அறிவதற்கு வாய்ப்பில்லை.

இரண்டாவது ஈர்ப்பு, ஒரே பகலில் பல நிலங்களைக் கடப்பது. பெரியகுளத்தை அடுத்த கும்பக்கரையில் காலை புறப்பட்டு வெள்ளகவி வழியாக வட்டக்கானலுக்கு ஏறுபவர் முட்புதரும் மாந்தோப்பும் உள்ள வெப்பநிலத்திலிருந்து காப்பித் தோட்டங்களின் நிழலுக்கும், அங்கிருந்து பாசி படர்ந்த சோலைக்காட்டின் ஈரத்துக்கும் தம் காலாலேயே போய்ச் சேர்கிறார். உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பம் ஏறத்தாழ 6.5 டிகிரி குறையும் என்று புவியியல் நூல்கள் சொல்லும். அந்தக் கணக்கைத் தோலால் உணர்வது வேறொரு அறிவு. முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று வகுப்பறையில் கரும்பலகையில் எழுதிப் போடுகிற எனக்கு, நிலமும் பொழுதும் மாறினால் மனம் மாறும் என்னும் அந்தப் பழைய இலக்கணம் ஏட்டுக் கற்பனையன்று என்பதை உறுதிசெய்தவை இந்தப் பாதைகளே.

மூன்றாவது, பசியும் தாகமும் மீண்டும் தம் இயல்பான பொருளைப் பெறுவது. நான்கு மணி நேரம் ஏறியபின் பாறைமேல் அமர்ந்து உண்ணும் புளிச்சோற்றுக்கும் ஊறுகாய்க்கும் நகரத்தின் எந்த உணவகமும் ஈடாகாது. இதை நடப்பவர் எல்லோரும் சொல்வார்கள் என்பதால் நீட்ட வேண்டியதில்லை.

இனி, விரும்பாதவர்கள். இவர்கள் ஒரே கூட்டத்தினர் அல்லர்.

உடல் காரணமாக மறுப்பவர்கள் முதல் வகை. முழங்கால் தேய்ந்தவர்கள், மூச்சுத்திணறல் உள்ளவர்கள், உயரத்தைக் கண்டால் தலை சுற்றுபவர்கள். என் கணவர் இந்த வகையினர். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் ஓரம்கூட நிற்கமாட்டார். விடியற்காலையில் என்னை அடிவாரம் வரை ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டுவிட்டு, தேநீர்க் கடையில் நாளிதழ் படித்துவிட்டு வீடு திரும்புவார். சரிவில் அவர் காண்பது காட்சியை அல்ல, வீழ்ச்சியை. அச்சத்தை விளக்கத்தால் போக்க முடியாது என்பதை எங்கள் இல்லறம் எனக்குக் கற்பித்திருக்கிறது.

இரண்டாம் வகையினர் பயன் கேட்பவர்கள். எங்கள் கல்லூரி அலுவலக உதவியாளர் ஒருவர் ஆண்டுதோறும் வெள்ளியங்கிரி ஏறுபவர். பூண்டியில் மூங்கில் தடி வாங்கிக்கொண்டு, இரவோடு இரவாக ஏழு மலைகளையும் கடந்து, விடியலில் ஏழாம் மலையில் ஈசனைக் கும்பிட்டுவிட்டு இறங்குவார். உடல்வலிமையில் என்னைவிடப் பன்மடங்கு மேலானவர். ஒருமுறை எங்களோடு வரும்படி அழைத்தபோது, “மேலே எந்தச் சாமி?” என்று கேட்டார். சாமி இல்லை என்றேன். “அப்புறம் எதுக்குங்க?” என்று அவர் கேட்டதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. நம் நாட்டில் மலையேறுவது என்பது நெடுங்காலமாக நேர்த்திக்கடனோடும் விரதத்தோடும் பிணைந்தது. சபரிமலைக்கு எருமேலியிலிருந்து காட்டின் ஊடே செல்லும் பெருவழிப் பாதையும், சதுரகிரியும், பருவதமலையும் இலட்சக்கணக்கான எளிய மக்களைக் கால்நடையாக மேலே ஏற்றியிருக்கின்றன. அவர்கள் துன்பத்தைக் காணிக்கையாக்குகிறார்கள். காணிக்கை பெற ஒருவர் இல்லாதபோது அந்தத் துன்பம் அவர்களுக்கு வீண்.

மூன்றாம் வகையினருக்கு மலை பிடிக்கும், மலையேறுபவர்களைப் பிடிக்காது. பளபளக்கும் காலணியும் கைத்தடியும் ஒலிபெருக்கியுமாக வந்து, உச்சியில் நின்று படமெடுத்து, நெகிழிக் குப்பியை விட்டுச் செல்லும் கூட்டத்தைக் கண்டு கசந்தவர்கள் இவர்கள். குறிஞ்சி பூத்த 2018-ஆம் ஆண்டில் பழனிமலைச் சரிவுகளுக்கு வந்த கூட்டத்தைக் கண்டவர் எவரும் இந்தக் கசப்பைப் புரிந்துகொள்வர். அடுத்து அது பூக்க வேண்டிய 2030-ஐ எண்ணி இப்போதே கவலைப்படும் நண்பர் எனக்கு உண்டு.

நான்காம் வகையைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதத் தொடங்கினேன். நடந்து தீர்த்தவர்கள் அவர்கள்.

என் தாய் பழனிமலையின் கீழ்ச்சரிவில், அன்று சாலை எட்டாத ஒரு சிற்றூரில் பிறந்தவர். திருமணமாகிச் சமவெளிக்கு வரும்வரை, பத்து வயதிலிருந்து ஒன்பது ஆண்டுகள், காப்பிக் கொட்டையும் ஆரஞ்சும் பலாவும் தலையில் சுமந்து சந்தைக்கு இறங்கியவர். திரும்பும்போது உப்பும் மண்ணெண்ணெயும் அரிசியும் சுமந்து ஏறியவர். சும்மாடு அழுத்தி உச்சி வகிட்டில் முடி மெலிந்தது இன்றும் தெரியும். ஏற்றத்தில் நெஞ்சு வலிக்கும், இறக்கத்தில் முட்டி போகும், இரண்டில் இறக்கமே கொடிது என்பார். உடலியலும் அதையே சொல்கிறது. இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே உடலின் பாரத்தைத் தாங்கித் தடுக்க வேண்டியிருப்பதால் தசைநார்கள் அதிகம் சிதைகின்றன. தலையில் சுமையும் இருந்தால் சொல்ல வேண்டியதில்லை.

நான் முதன்முதலில் மலைநடைக்குக் கிளம்பியபோது அவர் கேட்டது ஒரே கேள்விதான். “ஏண்டி, காசு குடுத்து யாராச்சும் மலை ஏறுவாகளா?” சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் அன்று மாலை நான் திரும்பி வந்து கால்வலியைப் பெருமையோடு சொன்னபோது அவர் முகம் சுருங்கியது. மகளின் கால் வலிக்கக்கூடாது என்பதற்காகவே படிக்கவைத்த ஒருத்திக்கு, அந்த மகள் வலியை விலைகொடுத்து வாங்கி வருவது எப்படி விளங்கும்?

கொடைக்கானலின் வரலாற்றையே இந்தக் கோணத்திலிருந்து படிக்கலாம். சமவெளியின் வெப்பத்துக்கும் நோய்க்கும் அஞ்சிய அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த பாதிரிமார்கள் 1845-இல் அங்கே தங்குமனைகள் அமைத்தனர். மோட்டார் சாலை வருவதற்கு முன் பல்லாண்டுகள் வெள்ளையர் குடும்பங்கள் அடிவாரத்திலிருந்து டோலியிலும் நாற்காலியிலும் உள்ளூர்க் கூலியாட்களின் தோள்மீது ஏறின. அவர்களின் நாட்குறிப்புகளிலும் கடிதங்களிலும் மலைக்காட்சியின் அழகு நிறைய உண்டு. தோள்கொடுத்தவர்கள் அந்த மலையைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதை எழுதிவைக்க ஆளில்லை. இன்று நாம் மலைநடைக்குத் தேர்ந்தெடுக்கும் ஒற்றையடிப் பாதைகள் பலவும் பொழுதுபோக்குக்காக உண்டானவை அல்ல. சுமைகாரர்களும் பொதிக்குதிரைகளும் மிதித்து மிதித்து உண்டாக்கியவை.

அந்தப் பாதைகளின் ஓரத்தில் சில இடங்களில் சுமைதாங்கிக் கல்லைக் காணலாம். இரு கற்களை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடையாக வைத்தது. பிறர் உதவியின்றித் தலைச்சுமையை இறக்கவும் மீண்டும் ஏற்றவும் ஏற்ற உயரம். பிள்ளைப்பேற்றுக்கு முன்பே இறந்துபோன கருவுற்ற பெண்ணின் நினைவாக அதை நட்டுவைப்பது தமிழ்நாட்டு வழக்கம். இறக்கிவைக்க முடியாத சுமையோடு போனவளுக்காக, மற்றவர் சுமையை இறக்க ஒரு கல். என்னோடு நடந்த குழு ஒன்று அதைப் பெருங்கற்காலச் சின்னம் என்று எண்ணிச் சுற்றிநின்று படமெடுத்துக்கொண்டது. தாயிடம் தூரம் கேட்டால் கிலோமீட்டரில் சொல்லமாட்டார். “மூணு சுமைதாங்கி தூரம்” என்பார். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892-இல் ஒரு விதி வகுத்தார். மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 2,000 அடி ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். மலைநடையர் இன்றும் பயன்படுத்தும் அந்தக் கணக்கில் முதுகுச்சுமைக்கு இடமில்லை. தாயின் கணக்கில் சுமைதான் அலகு.

பிற நாட்டு இலக்கியத்திலும் இந்த எதிர்க்குரல் மிகத் தொடக்கத்திலேயே பதிவாகியிருப்பது வியப்புக்குரியது. இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க் 1336 ஏப்ரல் 26 அன்று தென்பிரான்சின் வாந்து மலையில் ஏறியதாகக் கடிதம் எழுதியுள்ளார். காணும் ஆவல் ஒன்றுக்காகவே மலையேறிய முதல் நவீன மனிதர் என்று அவரைக் கொண்டாடுவோர் உண்டு. கொண்டாடுவோர் பலரும் விரைந்து கடந்துவிடும் ஒருவர் அக்கடிதத்தில் இருக்கிறார். மலைச்சரிவில் எதிர்ப்பட்ட கிழ இடையர் அவர். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இளமை வேகத்தில் தாமும் உச்சிவரை ஏறியதாகவும், கழிவிரக்கமும் உழைப்பும் கிழிந்த உடலும் உடையும் தவிர வேறெதுவும் கிட்டவில்லை என்றும் சொல்லி, அவர் பெட்ரார்க்கைத் தடுக்கிறார். கேட்காமல் போகிறவர்களுக்குப் பாதையையும் காட்டிவிடுகிறார். எனக்கு அந்தக் கிழவரைத் தெரியும். என் வீட்டில் இருக்கிறார்.

இவ்வளவு சொன்னபின், மலைநடை என்பது உழைக்க வேண்டாதவர்களின் விளையாட்டு, வயிறு நிறைந்தவர்களின் பசி என்று முடித்துவிடலாமா? அப்படி முடிக்க என்னை விடாதது மலைபடுகடாம்.

பத்துப்பாட்டில் இறுதியாக நிற்கும் இந்நூல் 583 அடிகள் கொண்டது. பாடியவர் இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். செங்கண்மாவில் இருந்த நன்னனிடம் பரிசில் பெற்றுவரும் கூத்தன், வறுமையோடு எதிர்வரும் இன்னொரு கூத்தனுக்கு வழிசொல்லும் அமைப்பு. அதனால் கூத்தராற்றுப்படை என்றும் இதற்குப் பெயர். அதில் வரும் நவிரமலை இன்றைய பருவதமலை என்று கருதப்படுகிறது. மலையில் நடப்பவருக்கான கையேடாகவே இதன் பெரும்பகுதியைப் படிக்கலாம். தினைப்புனத்தில் பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், இருளில் போகாதீர்கள். குழிகளில் பாம்பு கிடக்கும். யானையை விரட்டக் கவணில் விடும் கல் பறந்து வரும், மரத்தின் பின்னே ஒதுங்குங்கள். வழுக்கும் இடத்தில் கொடியைப் பற்றிக்கொள்ளுங்கள். குறவர்களே திகைக்கும் குன்றில் வழி தவறிவிட்டால் அலையாதீர்கள். அகன்ற பாறையில் அமர்ந்து உங்கள் இசைக்கருவிகளை முழக்குங்கள், ஒலி கேட்டுக் கானவர் ஓடிவந்து வழிகாட்டுவார்கள். வழி தவறியவர் அலையாமல் ஓரிடத்தில் இருந்து ஒலியெழுப்ப வேண்டும் என்றுதான் இன்றைய மலை மீட்புப் பயிற்சியும் சொல்லித்தருகிறது.

இந்தக் கூத்தர்கள் இன்பத்துக்காக மலை ஏறவில்லை. யாழும் முழவும் சுமந்து, குடும்பத்தோடு, பசியோடு போகிறார்கள். என் தாயின் இனத்தவர்கள் அவர்கள். ஆயினும் அந்த நூலுக்குப் பெயர் தந்தது அவர்களுடைய பசி அல்ல, மலையின் ஓசை. மலையை யானையாகவும் அதில் எழும் பல்வேறு ஒலிகளை அதன் மதமாகவும் உருவகித்த இடத்திலிருந்தே பெயர் வந்தது. அருவியில் ஆடுவோர் ஆரவாரம் முதலாக எத்தனை ஒலிகள் அங்கே தொகுக்கப்பட்டுள்ளன! பசித்தவர்களின் காதுகளுக்கும் அவை கேட்டன. தேவை இருக்குமிடத்தில் ரசனை இராது என்னும் முடிவு நம் போன்ற நடுத்தர வர்க்கத்தார் செய்துகொண்டது. புலவர் அப்படி நினைக்கவில்லை.

இதை என் தாயிடமே சோதித்துப் பார்க்கலாம். மலையைப் பற்றிப் பேசப் பிடிக்காத அவர், ஒவ்வொரு முறை நான் திரும்பிவரும்போதும் காட்சியைப் பற்றிக் கேட்கமாட்டார். “ரெண்டாவது ஓடைக்கு மேல ஒரு பலா நிக்குமே, இருக்கா?” என்பார். அந்த ஓடையின் நீர் எந்த மாதத்தில் சுவை மாறும் என்பது அவருக்குத் தெரியும். எந்தப் பறவை கத்தினால் மூடுபனி இறங்கும் என்றும் தெரியும். மலையை அவர் வெறுக்கவில்லை. வேண்டாம் என்று சொல்ல முடியாமல் நடந்ததை வெறுக்கிறார். எனக்கும் அவருக்கும் இடையே உள்ள வேறுபாடு ரசனையில் இல்லை. நான் விரும்பாதபோது வீட்டில் இருந்துகொள்ளலாம் என்பதில்தான் இருக்கிறது.

இந்த வேறுபாட்டைக் கொடூரமாக நினைவூட்டியது 2018 மார்ச் 11. கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கும் வழியில் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பெண்கள் பலர், வார இறுதியில் ஊர் திரும்பி மறுநாள் வேலைக்குப் போக வேண்டிய இளைஞர்கள். கோடையில் காய்ந்த புல் எத்தனை விரைவில் பற்றும், தீ சரிவில் மேல்நோக்கி எத்தனை வேகமாக ஏறும் என்பது மலைக்காரர்களுக்கு அன்றாட அறிவு. நகரத்திலிருந்து வருபவருக்கு அது மஞ்சள்நிறப் புல்வெளி, அழகான பின்னணி. முதலில் ஓடிப்போய் உதவியவர்களில் அந்தப் பகுதிக் கிராமத்தாரும் தோட்டத் தொழிலாளர்களும் இருந்தனர். மலைபடுகடாம் சொன்ன கானவர்கள்தாம். அந்த நிகழ்வுக்குப் பின் மலையேற்றத்துக்கான விதிமுறைகள் வகுக்கப்பட்டன. 2024 அக்டோபரில் அரசு 40 மலைவழிகளை இணையப் பதிவோடும் வழிகாட்டிகளோடும் திறந்தது. அந்த வழிகாட்டிகளாக மலைவாழ் இளைஞர்கள் அமர்த்தப்படுவதை இந்த ஏற்பாட்டின் சிறந்த பகுதி என்பேன். மலையை அறிந்தவருக்கு அந்த அறிவுக்காகவே கூலி கிடைக்கிறது, தோளுக்காக அல்ல.

அந்த விபத்துக்குப் பின் சில மாதங்கள் வீட்டில் நான் மலை என்ற சொல்லை எடுக்கவில்லை. “பொம்பளைகளுக்கு இதெல்லாம் எதுக்கு” என்று உறவினர்கள் பேசியபோது தாய் சொன்னது வேறு. “பொம்பளைதான் அம்புட்டுச் சுமையையும் ஏத்தி எறக்குனோம். அப்ப யாரும் எதுக்குன்னு கேக்கல.” அவருக்கு மலைநடை பிடிக்காது. ஆனால் அதை மறுப்பதற்குரிய காரணம் எது, எது இல்லை என்பதில் அவருக்கு மயக்கம் இல்லை.

எங்கள் கல்லூரியிலிருந்து மாணவர்களை மலைநடைக்கு அழைத்துச் செல்வதுண்டு. முன்வந்து பெயர் கொடுப்பவர்கள் பெரும்பாலும் நகரத்துப் பிள்ளைகள். மலையூர் ஒன்றிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவன் ஒருவனைக் கேட்டேன். “நீங்க போயிட்டு வாங்க மேடம். லீவு விட்டா நான் அந்தப் பாதையிலதான வீட்டுக்குப் போகணும்” என்றான். வகுப்பே சிரித்தது, அவனும் சிரித்தான். பின்னர் அவனே வந்து, எந்த இடத்தில் அட்டை அதிகம், எந்த ஊற்றில் நீர் குடிக்கலாம், எந்த ஊருக்குள் காலணியைக் கழற்றிவிட்டு நடக்க வேண்டும் என்றெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தான். அதைவிடச் சிறந்த ஆற்றுப்படையை அண்மையில் நான் படிக்கவில்லை.

இப்போதெல்லாம் விரும்பாதவரை நான் இரண்டாம் முறை அழைப்பதில்லை. அவர் எதையோ இழக்கிறார் என்ற இரக்கமும் எனக்கில்லை. பாதை பிரியும் இடத்தில் கவரைத் துடைத்து, பின்னால் வருபவர் வழி தவறாதிருக்கப் புல்லை முடிந்து அடையாளம் வையுங்கள் என்று மலைபடுகடாத்துக் கூத்தன் சொல்கிறான். முன்னே போனவர்கள் முடிந்துவைத்த புல்லைப் பார்த்துத்தான் நாம் போகிறோம். அவர்களில் பலர் அந்த வழியை விரும்பி நடந்தவர்கள் அல்லர் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு நடக்கலாம். அதனால் மலையின் அழகு எனக்குக் குறைந்துவிடவில்லை.